ஒரு கை மட்டும் கருத்த சோபா

இடது கை பழைய துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, வலது கை தட்டை உளியின் நுனியை ஆணித் தலைக்கு அடியில் நுழைத்து மணிக்கட்டை லேசாகத் திருப்பியது. ஆணி துள்ளி விழுந்தது. கை அடுத்த ஆணிக்குப் போனது. ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறதோ அதே சாய்வில் தூக்கினால்தான் கட்டை பிளக்காது. அந்தக் கைகள் சாய்வைக் கண்ணால் தேடவில்லை. உளி கட்டையில் உரசும் சத்தத்தை வைத்தே கண்டுகொண்டன.

துணி முழுதாக உரிந்து வந்ததும் இருக்கையின் இடுக்கிலிருந்து கொண்டை ஊசிகளாகக் கொட்டின. கூடவே ஒற்றைக் கம்மல் ஒன்று, ஒரு பேனா மூடி, என்றோ கல்லாகிப்போன ஒரு மிட்டாய்.

"ஃபோட்டோ எடுக்க வந்தவங்க பாதித் தலைய இங்கயே விட்டுட்டுப் போயிருக்காங்க மாமா," என்றான் பட்டறையின் மறுபாதியில் நாற்காலிக் கால் இழைத்துக்கொண்டிருந்த மச்சான். அவன் உளி பிடித்திருந்தவரின் மனைவியின் தம்பி. தச்சன். ஒரே தகரக் கூரைக்குக் கீழே கட்டை வேலை அவனுடையது, மெத்தை வேலை இவருடையது. நடுவில் சுவர் கிடையாது. இருந்திருந்தாலும் மச்சானின் வாய் அதைத் தாண்டி வந்திருக்கும்.

சோபா ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவுடையது. ஸ்டூடியோக்காரம்மா கரும்பச்சை வெல்வெட்டைத் தானே வாங்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டுவிட்டு, "சனிக்கிழம காலையில பட்டம் வாங்கின பிள்ளைங்க கூட்டமா வருது. அதுக்குள்ள வேணும். கடைக்காரன்கிட்ட கடைசியா இருந்த துணி இது, பாத்து வெட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தெருவில் இவரை ஆணிவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சோபா வேலை செய்கிற பலருக்கும் உள்ள பழக்கம்தான். ஒரு பிடி சின்ன ஆணிகளை வாய்க்குள் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவந்து, காந்தச் சுத்தியின் முகத்தில் தலையை ஒட்டவைத்து, தட்டி இறக்குவது. ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் சுத்தி இருக்கும். ஆணி எடுத்துக் கொடுக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும். வாய்தான் அந்தக் கை. வாய் நிறைய ஆணியோடு இவர் பேரம் பேசுவார், சண்டை போடுவார், தூங்கியதுகூட உண்டு என்பான் மச்சான். தூங்கினதாகச் சொன்னது மட்டும் பொய்.

இப்போது வாயில் ஆணி கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்லீரலில் தழும்பு ஏறிப்போய், ரத்தம் அதற்குள் புக வழியில்லாமல் பின்வாங்கி, உணவுக்குழாயின் ரத்த நாளங்களை வீங்க வைத்திருந்தது. போன வருடம் ஆஸ்பத்திரியில் குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, வீங்கிய நாளங்களுக்கு ரப்பர் வளையம் மாட்டினார்கள். தொழில் என்ன என்று கேட்ட டாக்டரம்மாவிடம் இவர் கொஞ்சம் பெருமையாகவே ஆணி சமாச்சாரத்தை விவரித்தார். அந்த அம்மா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு ஆணி தவறி உள்ள போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு?"

தெரிந்தது. அன்றிலிருந்து ஆணிகள் ஒரு டப்பா மூடியில், முக்காலியின் மேல்.

நோய் சின்ன வயதிலேயே வந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்றார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஒரு வகை. சத்தம் காட்டாமல் நாற்பது வயது வரை உள்ளே இருந்து தன் வேலையைச் செய்துவிட்டு, காலும் வயிறும் வீங்கிய பிறகுதான் தலையைக் காட்டியது. கல்லீரல் என்று சொன்னதுமே கேட்பவர்களின் முகம் ஒரு மாதிரியாகும். இவர் வாழ்நாளில் குடித்ததில்லை. அதை ஒவ்வொருவரிடமும் நிரூபித்துக்கொண்டிருக்க முடியாதென்று, வெளியே யாரிடமும் நோயின் பெயரையே சொல்வதில்லை. கேட்டால், "வயிறு கொஞ்சம் சரியில்ல," என்பார்.

தினமும் ஒரு மாத்திரை கிருமியை அடக்கி வைத்திருந்தது. தழும்பு அழியாது, மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதனால் வீட்டில் சில காரியங்கள் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டன. காலையில் எழுந்ததும் எடை பார்ப்பது. திடீரென்று ஏறினால் அது சதையல்ல, நீர். சாப்பாட்டில் உப்பைக் குறைத்து, முட்டையையும் பருப்பையும் குறைக்காமல் இருப்பது. படுக்கப் போகுமுன் ரொட்டியும் பாலும், ஏனென்றால் ராத்திரி முழுக்க வயிறு காலியாகக் கிடந்தால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும். தோள் வலிக்கு யார் என்ன மாத்திரை நீட்டினாலும் வாங்காமல் இருப்பது. பசை பூசும்போது இரண்டு ஜன்னலையும் திறந்து வைப்பது. இதெல்லாம் கைவந்துவிட்டது. ஒன்றுதான் கழுத்தறுப்பு: சிரப்.

கல்லீரல் வடிகட்டாமல் விடுகிற அழுக்கு மூளைக்கு ஏறினால் புத்தி தடுமாறும். அது குடலில் தேங்காமல் வெளியே போக, தித்திப்பான கெட்டியான ஒரு சிரப்பை மூன்று வேளை குடிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை கழிவறைக்குப் போனால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். முன்பொரு முறை அந்தத் தடுமாற்றம் வந்தபோது யாருக்கும் புரியவில்லை. அன்று இவர் இடுப்பில் இரண்டு பெல்ட் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது அதே மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு மனைவி ஒரு சோதனை வைத்திருந்தாள். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தது. காலையில் இரண்டு கையையும் நேராக நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கையை எதிரே காட்ட வேண்டும். வருகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அழுக்கு ஏறியிருந்தால் மணிக்கட்டு நிற்காது, பட்பட்டென்று விழுந்து விழுந்து எழும்.

"பஸ்ஸ நிறுத்துங்க," என்பாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. நிறுத்திக் காட்டினால்தான் காப்பி.

ஆனால் அந்த வாரம் அவள் ஊரில் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அங்கிருந்து தினமும் போன் வரும்.

"பஸ் நின்னுச்சா?"

"நின்னுச்சு, நின்னுச்சு. பேரன் தூங்கறானா?"

"பேச்ச மாத்தாதீங்க. சிரப்?"

"ம்."

அந்த 'ம்' பாதி உண்மை. காலையில் குடித்தார். மத்தியானச் சிரப்பை விட்டுவிட்டார்.

காரணம் இதுதான். பட்டறைக்கு என்று தனிக் கழிவறை கிடையாது. முற்றத்தின் கோடியில், சுற்றியிருந்த பட்டறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. அதன் சாவி, லேத் மெஷின் ஓடும் கடைசல் பட்டறையின் வாசலில் ஓர் ஆணியில் தொங்கும். ஒவ்வொரு முறை சாவி எடுக்கப் போகும்போதும் கடைசல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார்.

"என்ன ஆணிவாய், பட்டறையில இருக்கறதவிட அங்கதான் அதிகம் இருக்கீங்க. வாடகை வாங்கலாமான்னு பாக்கறேன்."

நாலு பேர் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு வந்து சுத்தியை எடுத்தால் கை வேலையில் நிற்காது.

தவிர, வெல்வெட். அதை இழுக்க ஆரம்பித்துவிட்டால் நடுவில் விடக்கூடாது என்பது இவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணி வரை ஒரே மூச்சில் இறக்க வேண்டும், அப்போதுதான் இழுவிசை எங்கும் ஒன்றாக இருக்கும். வேறு பட்டறைகளில் ஆணியைப் பாதி மட்டும் தட்டி வைத்துவிட்டு, பிறகு சரிபார்த்து முழுதாக இறக்குவார்கள். "அது கைக்கு நம்பிக்கை இல்லாதவன் வேல," என்பார் இவர்.

சனிக்கிழமை நெருங்கியது. மத்தியானச் சிரப்போடு காலைச் சிரப்பும் நின்றது. ராத்திரி தூக்கம் வரவில்லை. பகலில் கண் செருகியது. வேலைச் சுமை என்று நினைத்துக்கொண்டார்.

வெல்வெட்டுக்கு மயிர் உண்டு, அந்த மயிருக்கு ஒரு திசை உண்டு. மேலிருந்து கீழே தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டு பிடிக்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் படிந்திருக்க வேண்டும். ஒன்று தலைகீழாகப் போனால் அது வேறு துணி மாதிரிக் கருத்துத் தெரியும். அதனால் வெட்டுகிற ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி போடுவார்கள். அம்பு கீழே பார்க்க வேண்டும். தொழிலில் கால் வைத்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது.

வியாழக்கிழமை மத்தியானம் மச்சான் வெளியே போய் மரம் இறக்கிவிட்டு வந்தான். வாசலில் நின்று சோபாவைப் பார்த்தான். வலது கைப்பிடியின் உள்பக்கம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"மாமா, ஒரு கை மட்டும் குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கே?"

"என்ன?"

"கறுப்பா இருக்கு மாமா. வலது கை."

"வெளிச்சம் அப்படி விழுது."

"வெளிச்சம் ரெண்டு கைக்கும் ஒண்ணுதானே."

"உனக்கு என்னடா தெரியும், கட்டைய இழைக்கறவனுக்கு? போய் உன் வேலையப் பாரு!"

மச்சான் திகைத்துப்போனான். இவர் அவனை 'டா' போட்டுப் பேசியதே கிடையாது. கிட்டே வந்து கையால் தடவினான். துண்டு தலைகீழாகப் படிந்திருப்பது அவன் விரல்களுக்குச் சட்டென்று தெரிந்தது.

"நீங்களே தடவிப் பாருங்க."

இவர் தடவினார். இடது கைப்பிடியைத் தடவினார், பிறகு வலது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மறுபடி தடவினார். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மச்சான் ஏன் இப்படி முறைக்கிறான் என்றுதான் யோசித்தார்.

"மாமா," என்றான் அவன், குரலை மெல்ல இறக்கி. "பஸ்ஸ நிறுத்துங்க."

"விளையாடற நேரமா இது?"

"நிறுத்துங்க மாமா. ஒரு தடவ."

கையை நீட்டினார். மணிக்கட்டு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. இவர் அதை வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் மரம் ஏற்றும் வண்டியின் சாவியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இது எந்த மாதம் என்று கேட்டார். இவர் யோசித்து, முடிந்துபோன ஒரு மாதத்தைச் சொன்னார். நர்ஸ் காகிதத்தைக் கொடுத்து ஒரு நட்சத்திரம் வரையச் சொன்னார். கோடுகள் ஒன்றையொன்று தேடி அலைந்து, சந்திக்காமலே போய்விட்டன. ரத்தம் எடுத்தார்கள், உள்ளே எங்காவது கசிகிறதா, காய்ச்சல் ஏதும் உண்டா என்று பார்த்தார்கள். அதெல்லாம் இல்லை. குடலைச் சுத்தம் செய்து, சிரப்பை மறுபடி ஆரம்பித்தார்கள். மறுநாள் சாயங்காலம் தலைக்குள் யாரோ ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து விட்டது போலிருந்தது.

டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார். "ஏன் மருந்த நிறுத்தினீங்க?"

"ஒரு சோபா... அவசரம். அடிக்கடி போக வேண்டியிருக்கு."

"போகணும். அதுக்குத்தான் அது. கல்லீரல் செய்யாத வேலைய இப்ப குடல்தான் செய்யுது. நீங்க அதையும் பூட்டிட்டா அழுக்கு எங்க போகும்?" மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தார். "ரொம்ப அதிகமா போச்சுன்னா அளவக் குறைக்கலாம், என்னக் கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க. இந்தத் தடவ உங்க மச்சான் பக்கத்துல இருந்தார்."

மனைவி வந்து சேர்ந்திருந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு கண்ணில் இருந்தது. டாக்டரம்மா போனதும் பாத்திரத்தைத் திறந்து சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"அங்க ஒரு கைக்குழந்த. அது அழுதா என்ன வேணும்னு எனக்குத் தெரியுது. நீங்க போன்ல 'ம்'ங்கறீங்க."

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? நான் உங்க வேலைக்குக் குறுக்க நிக்கறவ இல்ல. இந்த சோபாவ முடிங்க. சிரப்பையும் விடாம குடிங்க. ரெண்டும் சேந்து நடந்தா பட்டறை தொறந்திருக்கட்டும். ஒண்ணுக்காக ஒண்ண விடணும்னா, சாவிய என் தம்பிகிட்ட குடுத்துட்டு வீட்ல உக்காருங்க. இதுக்கு மேல நான் பேச மாட்டேன்."

அவள் அப்படிச் சொன்னால் அப்படித்தான். இவருக்கு அது நன்றாகத் தெரியும். வேறு தொழில் இவருக்குத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாள், நடக்கலாம் என்று சொன்ன பிறகு, பட்டறைக்குப் போனார். சோபா சாக்குத் துணிக்குள் இருந்தது. மச்சான் துணியை விலக்கினான்.

வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது. வலது கைப்பிடி முழுக்கக் கருகருவென்று, சோபாவின் பாதியில் மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது. கிட்டே போகவே தேவையில்லை. இருந்தாலும் போய் உள்ளங்கையை வைத்தார். மயிர் முரண்டு பிடித்தது. இந்தக் கைதான் அன்றைக்கு இதையே தடவிவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வராத பயம் அந்த இடத்தில் வந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"துணி எவ்வளவு மிச்சம் இருக்கு?"

மச்சான் எடுத்துக் காட்டினான். ஒரு கைப்பிடிக்குப் போதாது. பாதிக்குமேல் வரும், அவ்வளவுதான். கழற்றித் திருப்பிப் போடலாமென்றால் துண்டு ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். தலைகீழாக உட்காராது.

முதலில் போன் செய்ய வேண்டியிருந்தது. சனிக்கிழமை தாண்டிவிட்டது. ஸ்டூடியோக்காரம்மாவின் குரலில் உஷ்ணம் இருந்தது.

"போன் எடுக்க மாட்டீங்களா? பிள்ளைங்கள நிக்க வெச்சே எடுத்தேன். பரேடுக்கு வந்த மாதிரி இருக்கு ஃபோட்டோ."

வயிறு சரியில்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். "எனக்குக் கல்லீரல் கோளாறும்மா. பழசு. போன வாரம் மருந்த விட்டுட்டேன், புத்தி தடுமாறிப் போச்சு. ஆஸ்பத்திரில இருந்தேன். உங்க சோபால ஒரு துண்டத் தலைகீழா அடிச்சிருக்கேன், அதக் கழட்டி மறுபடி போடணும்."

அந்த அம்மா கேட்டார்: "குடியா?"

"தொட்டதில்ல. சின்ன வயசுல வந்த கிருமி."

"கேட்டதுக்குக் கோவிச்சுக்காதீங்க. கேட்டாதான் எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா. "அடுத்த சனிக்கிழம இன்னொரு கூட்டம் வருது. அவங்களையும் நிக்க வெச்சா ஸ்டூடியோவையே கொளுத்திடுவாங்க. முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் ஒரு நாற்காலி வாடகைக்கு எடுத்துக்கறேன்."

"முடியும்னு நெனைக்கறேன். முடியலன்னா ஒரு நாள் முன்னாடியே சொல்லிடறேன்."

அடுத்து முற்றத்தைக் கடந்து கடைசல் பட்டறைக்குப் போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசல்காரர் தலையைத் தூக்கினார், வழக்கமான சிரிப்புக்கு வாய் தயாரானது.

"ஒரு நிமிஷம்," என்றார் இவர். "எனக்குக் கல்லீரல் கெட்டிருக்கு. மருந்து குடிச்சா நான் போயே ஆகணும், போகலன்னா மூள கலங்கிடும். எத்தன தடவன்னு எண்ணிச் சிரிக்கறதுன்னா சிரிச்சுக்குங்க. ஆனா சாவிக்கு உங்க வாசல்ல வந்து நிக்க எனக்கு நேரமில்ல. எனக்குத் தனியா ஒண்ணு வேணும்."

மெஷின் நின்றது. கடைசல்காரர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல ஐயா," என்றார். சாயங்காலம் அவரே ராவி எடுத்த ஒரு புதுச் சாவி இவருடைய ஆணி மூடியில் கிடந்தது.

சிரப்பின் நேரத்தை டாக்டரம்மாவிடம் கேட்டு மாற்றிக்கொண்டார். விடியும்போதே வீட்டில் முதல் வேளை. அதன் அவசரம் அடங்கிய பிறகு பட்டறை. மத்தியான வேளையைப் பட்டறையிலேயே, மச்சானின் கண் முன்னால். அவன் ஆஸ்பத்திரி ஆயா மாதிரி டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பான்.

"ஒரு சொட்டு இருக்கு மாமா. அதுக்குள்ளதான் முழுப் புத்தியும் இருக்கு."

"அந்த சொட்ட நீ குடி மச்சான். உனக்குத்தான் வேணும்."

துணிக்கு ஒரு வழி இருந்தது. கைப்பிடியின் உள்துண்டில் கீழ்ப்பகுதி இருக்கைக்கு அடியில் போய் மறைந்துவிடும், வெளியே தெரியாது. அந்த இடத்துக்கு வெல்வெட் தேவையில்லை. மிச்சமிருந்த வெல்வெட்டை வெளியே தெரிகிற அளவுக்கு வெட்டி, அதன் கீழ் ஓரத்தில் கெட்டியான சாதாரணத் துணியை ஒட்டுப்போட்டு, இரட்டைத் தையல் போட்டார். ஓரமெங்கும் ஒரு விரல் அகலம்தான் கூடுதலாக இருந்தது. மறுபடி ஒரு தவறுக்கு இடமில்லை.

பின்பக்கம் அம்புக்குறி போட்டார். போட்டுவிட்டு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார்.

"மச்சான், இங்க வா. இது எங்க பாக்குது?"

"கீழ."

"தடவிப் பாத்துச் சொல்லு."

"கீழதான் மாமா. உங்களுக்குத் தெரியலையா?" அவன் முகம் மாறிவிட்டது.

"தெரியுது, தெரியுது. உன் கையும் சொல்லட்டும்னுதான்."

ஆணி அடிக்கும்போது பாதி மட்டும் இறக்கினார். மூடியிலிருந்து ஒன்றை எடுப்பது, பொருத்துவது, பாதி தட்டுவது. கைக்கு இது அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வயிறு கூப்பிட்டபோது சுத்தியை வைத்துவிட்டு எழுந்து போக முடிந்தது. சாவி சட்டைப் பையில் இருந்தது. திரும்பி வந்தபோது துணி விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. இன்னும் ஒன்றைக் கவனித்தார்: போய்விட்டு வந்த கண்ணுக்கு, மேல் மூலையில் ஒரு சுருக்கம் தெரிந்தது. ஒரே மூச்சில் இறக்கியிருந்தால் அது உள்ளேயே மாட்டியிருக்கும். பாதி இறங்கிய இரண்டு ஆணிகளைப் பிடுங்கி, துணியைக் கொஞ்சம் விட்டு, மறுபடி இழுத்தார்.

புதன்கிழமை ஒரு சங்கடம் வந்தது. காலையில் பஸ் நின்றது, மனைவி கண்ணால் பார்த்துச் சரி சொன்னாள். ஆனால் மத்தியானத்துக்கு மேல் உடம்பு மந்தமாக இருந்தது. கண் இழுத்தது. பின்பக்கத் துணி பாக்கி, இருக்கை பாக்கி. சனிக்கிழமை வரப்போகிறது. முன்பானால் முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுத்தியைக் கையில் வைத்தபடி சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போறேன் மச்சான்."

"பாதியில விட்டுட்டா?"

"பாதியில விடறதுக்குத்தானே பாதி ஆணி."

சாக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டு நடந்தார். வீட்டில் மனைவி எடை பார்த்தாள், கையைப் பார்த்தாள், டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். காய்ச்சல் இல்லை, வெளிக்குப் போவது சரியாக இருக்கிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது. களைப்புதான், படுக்கட்டும், காலையில் மாறாவிட்டால் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். காலையில் மாறியிருந்தது.

வியாழக்கிழமை பின்பக்கம் முடிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இருக்கை இறங்கியது. பாதி நின்ற ஆணிகளையெல்லாம் வரிசையாக முழுதாக இறக்கி, ஓரத்தில் நாடா ஒட்டி, வளைந்த ஊசியால் கடைசித் தையலைப் போட்டு நூலை அறுத்தார். மச்சான் வாசலுக்கு ஓடி அங்கிருந்து பார்த்தான். பிறகு முற்றத்துக்குப் போய் அங்கிருந்து பார்த்தான். கடைசல்காரரையும் இழுத்து வந்து காட்டினான்.

"பச்சையா இருக்கு," என்றார் கடைசல்காரர்.

சாயங்காலம் மச்சானின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மனைவியும் வண்டியில் ஏறிக்கொண்டாள், பெயருக்குக் கடையில் ஏதோ வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு. ஸ்டூடியோ மாடியில் இருந்தது. மச்சானும் ஸ்டூடியோ ஆளும் சோபாவைத் தூக்கினார்கள். கனமானதை முக்கித் தூக்கக் கூடாதென்று இவருக்கு உத்தரவு, அதனால் படியில் பின்னால் நடந்தபடி, "இடிக்காம... இடது பக்கம் தூக்கு... சுவரு, சுவரு," என்று வாயால் தூக்கினார்.

திரைச்சீலைக்கு முன்னால் இறக்கினார்கள். ஸ்டூடியோக்காரம்மா பெரிய விளக்குகளைப் போட்டார். இடது பக்க விளக்கு. அதை அணைத்துவிட்டு வலது பக்கம். பிறகு இரண்டும் சேர்த்து. வெள்ளை வெளிச்சத்தில் சோபா மேலிருந்து கீழ் வரை ஒரே பச்சையாக நின்றது. மனைவி கதவோரம் நின்றபடி சோபாவைப் பார்க்கவில்லை, புருஷனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தன.

"எந்தக் கை தலைகீழா இருந்தது?" என்றார் ஸ்டூடியோக்காரம்மா.

"வலது. இன்னொண்ணும் சொல்லிடறேன். துணி பத்தல. இருக்கைக்கு அடியில மறையற இடத்துல வேற துணி ஒட்டுப் போட்டிருக்கேன். உறுதியான துணிதான்."

"ஃபோட்டோல தெரியுமா?"

"தெரியாது. கைய உள்ள விட்டுத் தேடினாதான் தெரியும்."

அந்த அம்மா குனிந்து, வலது கைப்பிடியை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். பிறகு இடது கைப்பிடியை. பிறகு மறுபடியும் வலது.

"தூசு தட்டும்போது இப்படியே கீழ் பக்கமா தட்டச் சொல்லுங்க," என்றார் இவர். "மேல் பக்கமாத் தேச்சா முகம் சுளிச்சுக்கும்."

"சரி. நீங்க மொதல்ல உக்காருங்க."

"நானா? உங்க சோபா."

"நாளைக்குக் காலையிலேர்ந்து என் சோபா. விளக்கு எப்படி விழுதுன்னு பாக்க எனக்கு ஒரு ஆள் வேணும்." கதவுப் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாங்கம்மா. அங்க ஏன் நிக்கறீங்க?"

இருவரும் உட்கார்ந்தார்கள், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு. விளக்கைச் சரிபார்த்து முடிந்ததும் இவர் எழுந்து, இருக்கையில் படிந்த தடத்தை உள்ளங்கையால் ஒருமுறை கீழ்நோக்கி நீவிவிட்டு, சோபாவை ஸ்டூடியோக்காரம்மாவிடம் விட்டுவிட்டு நகர்ந்து நின்றார்.